பத்து நிமிடம், அப்புறம் மூடி வை: ஆம்பிள்சைடு தபால் பள்ளி ஒரு நிகழ்வு ஆய்வு

பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவெடுத்த பெற்றோர் பலர் முதலில் செய்வது கால அட்டவணை போடுவதுதான். 9 மணி முதல் 9.45 வரை தமிழ், 9.45 முதல் 10.30 வரை கணக்கு. இந்த முக்கால் மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. அது நாம் படித்த பள்ளிக்கூடத்தின் பீரியடு. நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் அந்த நேரத்துக்குள் வருகைப் பதிவு எடுக்க வேண்டும், நோட்டை எடுக்கச் சொல்ல வேண்டும், கடைசி பெஞ்சை அடக்க வேண்டும், பலகையில் எழுதியதை எல்லாரும் பார்த்து எழுதும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு நேராகக் கிடைத்த பாடம் அதில் பத்து நிமிடம் தேறினால் அதிகம். வீட்டில் ஒரே பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கும்போது காத்திருப்பு கிடையாது, ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. அங்கே முக்கால் மணி நேரம் என்பது ஆறு வயதுக்கு மிகக் கனமான சுமை.

சிறு பிள்ளைகளுக்குக் குறும்பாடம், அதாவது பத்து இருபது நிமிடத்தில் முடியும் சின்னப் பாடம், என்ற பேச்சு வரும் இடமெல்லாம் ஒரு பெயர் வரும்: சார்லட் மேசன். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஆம்பிள்சைடு என்ற சின்ன ஊரிலிருந்து, வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டத்தைத் தபாலில் அனுப்பி அவர் நடத்திய தபால் பள்ளியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயரைச் சொல்லி இன்று புழங்கும் அறிவுரைகளில் பாதி “பாடத்தைச் சின்னதாக்கு” என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தச் சின்னப் பாடம் எதன் மேல் நின்றது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எப்படி ஆரம்பித்தது

மேசன் 1842-ல் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை. “இவருக்கு என்ன தெரியும்?” என்று சில அம்மாக்கள் கேட்பதுண்டு. வொர்திங் நகரத்து ஆரம்பப் பள்ளியில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர், பிறகு சிச்செஸ்டரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுத்தவர் என்பது அதற்குப் பதில்.

அவர் வொர்திங்கில் இருந்த காலத்தை மறக்கக் கூடாது. 1862-ல் இங்கிலாந்து அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஆய்வாளர் வந்து பிள்ளைகளின் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதிப்பார், தேறியவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம். பிறகு என்ன நடக்கும்? அந்த மூன்றையும் போட்டு அரைத்தார்கள். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்து மனப்பாடமே ஆகிவிட்ட பிள்ளை, ஆய்வாளர் முன்னால் படிப்பதுபோல் ஒப்பித்துவிடும். நீண்ட நேரம், குறைந்த விஷயம், ஓயாத ஒப்பித்தல். மேசன் பிற்காலத்தில் அமைத்த ஏற்பாடு இதற்கு வரிக்கு வரி எதிராக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

1885-86 குளிர்காலத்தில் பிராட்ஃபோர்டு நகரத்தில் அம்மாக்களுக்காக அவர் நிகழ்த்திய உரைகள் 1886-ல் புத்தகமாக வந்தன. 1887-ல் அங்கேயே எமிலின் ஸ்டைந்தால் போன்றவர்கள் துணையோடு பெற்றோர் சங்கம் ஒன்று உருவானது. அது தேசிய அளவில் விரிந்து பி.என்.இ.யு. (பெற்றோர் தேசியக் கல்விச் சங்கம்) ஆனது. 1890-ல் சங்கத்துக்கு மாதப் பத்திரிகை, 1891-ல் ஆம்பிள்சைடுக்குக் குடிபெயர்வு, அதே வருடம் தபால் பள்ளி, 1892-ல் வீட்டு ஆசிரியைகளுக்கான பயிற்சி நிலையம்.

அந்தக் காலத்து வசதியான ஆங்கிலக் குடும்பங்களில் பையன்கள் விடுதிப் பள்ளிக்குப் போகும்வரை வீட்டில்தான் படித்தார்கள். பெண் பிள்ளைகள் பலருக்குக் கடைசிவரை வீடுதான் பள்ளி. சொல்லித்தந்தது அம்மா, அல்லது எந்தப் பயிற்சியும் இல்லாத ஒரு வீட்டு ஆசிரியை. எதை, எந்த வரிசையில், எவ்வளவு நேரம் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அந்த இடைவெளியைத்தான் ஆம்பிள்சைடு தபால்பெட்டி வழியாக நிரப்பியது.

ஒரு காலை

பள்ளியின் முதல் படிவம், அதாவது முதல் வகுப்பு நிலை, 6 வயது முதல் 9 வயது வரை. பாடம் காலை 9 மணிக்குத் தொடங்கி 11.30-க்கு முடியும். வாரத்துக்கு ஆறு நாள். அந்த இரண்டரை மணி நேரத்திலும் நடுவில் அரை மணி நேரம் உடற்பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் போய்விடும். மீதி நேரம் பத்து, பதினைந்து, இருபது நிமிடத் துண்டுகள். பைபிள் கதை, எழுத்து, கவிதை, கணக்கு, பிரெஞ்சு, வாசிப்பு, வரலாறு, இயற்கைப் பாடம் என்று வாரத்தில் வந்துபோகும் பாடங்கள் ஒரு டசனைத் தாண்டும். மதியத்துக்கு மேல் புத்தகப் பாடம் கிடையாது. ஆறு வயதுக்கு முன்னால் முறையான பாடமே கூடாது என்பது அவர் கட்சி.

எட்டு வயதுக்குக் கீழே ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதற்கு மேசன் சொன்ன முதல் காரணம் கொஞ்சம் எதிர்பாராதது. பிள்ளைக்குச் சோர்வு வரும் என்பதை அவர் பின்னால்தான் வைக்கிறார். நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை விழிப்போடு இருக்கும் என்பதை முன்னால் வைக்கிறார். பாடத்துக்கு முடிவு உண்டு, அது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது என்ற நிலையில்தான் கவனம் பிறக்கிறது என்பது அவர் கணிப்பு. முடிவே தெரியாத பாடத்தில் பிள்ளை செய்வது என்ன என்று வீட்டில் படிக்கவைக்கும் எல்லாருக்கும் தெரியும். பென்சில் சீவும், தண்ணீர் கேட்கும், ரப்பர் கீழே விழும், அதை எடுக்க மேசைக்கடியில் போனால் அங்கே ஒரு எறும்பு வரிசை.

எழுத்துப் பாடத்துக்கு அவர் தரும் உதாரணம் ஒன்று எனக்கு மிகப் பிடிக்கும். பையனுக்குக் கொடுத்த வேலை ஆங்கில ‘எம்’ எழுத்தை அழகாக ஆறு முறை எழுதுவது. அவன் ஏனோதானோவென்று ஆறு வரி எழுதுகிறான், வரிக்கு ஒன்றுதான் தேறுகிறது, நேரம் முடிந்துவிட்டது. அவனுக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. இன்னொரு நாள் முதல் வரியிலேயே ஆறு நல்ல எழுத்தைக் காட்டிவிடுகிறான். மீதி நேரம் முழுக்க அவனுடையது. நீராவிக் கப்பலும் ரயில் வண்டியும் வரைந்துகொண்டிருக்கலாம்.

இந்தச் சின்னக் காட்சிக்குள் அவருடைய முறை கிட்டத்தட்ட முழுசாகவே இருக்கிறது. வேலையின் அளவுகோல் பக்கமும் இல்லை, நிமிடமும் இல்லை, தரம். தரத்தை எட்டியதும் வேலை முடிந்தது. சீக்கிரம் முடித்தவனுக்கு “அப்படியா, சமத்து, இன்னும் ரெண்டு வரி எழுது” என்று தண்டனை கிடையாது. நம் வீடுகளில் கெட்டிக்காரப் பிள்ளைகள் மெதுவாக எழுதக் கற்றுக்கொள்வது இந்த “இன்னும் ரெண்டு வரி”யால்தான். சீக்கிரம் முடித்தால் கிடைக்கும் கூலி கூடுதல் வேலைதான் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

நேரம் முடிந்தும் முடிக்காதவனுக்கு? முட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பாடத்தை மூடிவைத்துவிட்டு, முடிந்தவரை அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொன்றைக் கொடு, தெளிந்த பிறகு திரும்ப எடு என்கிறார். அதனால்தான் பாடங்களின் வரிசையில் அவ்வளவு கவனம். மூளை புதிதாக இருக்கும்போது கணக்கு, அதன்பின் கை மட்டும் வேலை செய்யும் எழுத்து, அப்புறம் காது கொடுத்துக் கேட்கும் கதை. பிள்ளை களைத்தது ஒரு வகை உழைப்பில்தான், மொத்தமாக அல்ல என்பது இதன் அடியில் இருக்கும் எண்ணம்.

ஒரே ஒரு முறை வாசிப்பு

இனி வருவதுதான் குறும்பாடத்தைத் தாங்கி நின்ற தூண். இதை எடுத்துவிட்டால் மீதி சரிந்துவிடும்.

கதையோ வரலாறோ, பத்தியை அம்மா ஒரே ஒரு முறைதான் வாசிப்பார். வாசித்து முடித்ததும் புத்தகம் மூடப்படும். பிள்ளை தான் கேட்டதைத் தன் வார்த்தையில் திரும்பச் சொல்ல வேண்டும். நடுவில் கேள்வி கேட்பதில்லை, எடுத்துக்கொடுப்பதில்லை, திருத்துவதுமில்லை. இரண்டாம் வாசிப்பு கிடைக்காது என்பது பிள்ளைக்கு முன்பே தெரியும். அது தெரிந்த பிள்ளை கேட்கிற விதமே வேறு. பத்து நிமிடப் பாடத்தில் ஐந்து நிமிடம் வாசிப்பு, ஐந்து நிமிடம் சொல்லல் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பத்து நிமிடமும் பிள்ளையின் தலைக்குள் வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது.

மேசன் இதை அனுபவத்தில் கண்டு சொன்னார். நூறு ஆண்டு கழித்து உளவியலாளர்கள் வேறு வழியில் அதே ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு தரப்பு அதை மீண்டும் படித்தது, மற்றது புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவர்களுக்குத்தான் அதிகம் நின்றிருந்தது. இதைக் கொண்டுபோய் ஆறு வயதுப் பிள்ளை மேல் அப்படியே ஒட்ட முடியாது என்றாலும், திரும்பச் சொல்லுதல் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல துப்பு.

பாடத்தைத் துண்டு துண்டாகப் பரப்புவதற்கும் இப்படி ஒரு துணை உண்டு. பிரிட்டிஷ் தபால் துறை ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை பழக்கியபோது பாட்லியும் லாங்மேனும் செய்த ஆய்வு 1978-ல் வெளியானது. ஒரு குழுவுக்குத் தினமும் ஒரு மணி நேரம், இன்னொன்றுக்கு இரண்டு வேளையாக நாலு மணி நேரம், இடையில் வேறு இரண்டு குழுக்கள். செலவிட்ட மணிக்கணக்கைப் பார்த்தால் தினம் ஒரு மணி நேரக் குழுதான் குறைந்த மணியில் கற்றது. வேடிக்கை என்னவென்றால் அந்த ஏற்பாட்டில் திருப்தி குறைவாக இருந்ததும் அதே குழுவுக்குத்தான். நாள் கணக்கில் மற்றவர்கள் முந்துவதுபோல் தெரிந்தது. குறும்பாடம் நடத்தும் அம்மாக்களுக்கு வரும் பதற்றமும் இதே ரகம்தான். பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிறான், நம் பிள்ளை கால் மணி நேரத்தில் எழுந்து போய்விட்டதே என்று.

இந்த இடத்தில் ஒரு பொதுக் கணக்கையும் ஓரமாகத் தள்ளிவைக்கலாம். பிள்ளையின் வயதை இத்தனையால் பெருக்கினால் அத்தனை நிமிடம்தான் கவனம் நிற்கும் என்று பெருக்கல் வாய்பாடு மாதிரி சொல்வார்கள். அதே பிள்ளை மணலில் அணை கட்டும்போது ஒரு மணி நேரம் தலை நிமிராமல் இருப்பதை இந்தப் பெருக்கல் விளக்காது. மேசனுடைய அட்டவணையிலும் கடிகாரம் காலைப் பாடங்களுக்கு மட்டும்தான். மதியத்தில் கைவேலைக்கும் வெளியில் அலைவதற்கும் அவர் நிமிடம் குறிக்கவில்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, நல்ல வானிலை உள்ள நாளெல்லாம் நாலு முதல் ஆறு மணி நேரம் பிள்ளைகள் வெளியே இருக்க வேண்டும் என்று எழுதியவர் அவர். பெரியவர் கேட்பதற்காகப் பிள்ளை தரும் கவனத்துக்குத்தான் அளவு வைத்தார். பிள்ளை தானாகத் தருவதற்கு அளவு வைக்கவில்லை.

தபாலில் வந்தது என்ன

குறும்பாடம் பிள்ளையின் வேலையைக் குறைக்கிறது. அந்தச் சுமை எங்கேயும் ஆவியாகிவிடுவதில்லை, பெரியவர் தலையில் ஏறுகிறது. காலையில் ஆறேழு பாடம் என்றால் ஆறேழு முறை புத்தகம் மாற வேண்டும், அடுத்தது என்ன என்பது முடிவாகியிருக்க வேண்டும். “இரு, எங்கே விட்டோம், பார்க்கிறேன்” என்று அம்மா பக்கம் புரட்டும் மூன்று நிமிடத்தில் பிள்ளை வாசலைத் தாண்டியிருக்கும். பத்து நிமிடப் பாடங்களுக்கு நடுவே ஐந்து நிமிடத் தேடல் வந்தால் அந்தக் காலை பாழ்.

ஆம்பிள்சைடு தீர்த்துவைத்தது இந்தச் சிக்கலை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பாடத்திட்டத் தாள் தபாலில் வரும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று அதில் இருக்கும். வாரத்தில் எந்த நாள் எந்த நேரம் எது என்பதற்குத் தனி அட்டவணை. பருவ முடிவில் வினாத்தாள் வரும். சிறு பிள்ளைகள் வாயால் சொல்லும் விடைகளை அம்மாவோ ஆசிரியையோ அப்படியே எழுதித் திருப்பி அனுப்புவார்கள். தேர்வுக்கென்று தனியாகத் திருப்புதல் கிடையாது. ஒரே முறை வாசித்ததில் எது நின்றதோ அதுதான் விடை.

என் கணிப்பில் இந்தப் பள்ளியின் வெற்றியில் பெரும் பங்கு இந்தத் தாளுக்குத்தான். காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டு அம்மா எதையும் யோசிக்க வேண்டியதில்லை. யோசனையெல்லாம் ஏற்கெனவே ஒருவர் செய்து அனுப்பிவிட்டார். இன்று குறும்பாடத்தை முயன்று இரண்டு வாரத்தில் கைவிடும் வீடுகளில் பிள்ளைக்கு எந்தக் கோளாறும் இருக்காது. அந்தத் தாள் இருக்காது.

பணக்கார வீட்டு விவகாரமா?

இந்தக் கேள்வி நியாயமானது. தபால் பள்ளியின் முதல் குடும்பங்கள் பலவற்றில் சமைக்க ஆள் இருந்தது, தோட்டம் இருந்தது, சம்பளம் வாங்கும் வீட்டு ஆசிரியை இருந்தார். அங்கே பிள்ளைகள் நன்றாகப் பேசினார்கள், எழுதினார்கள் என்றால் அதில் பாடமுறைக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் வைக்கப்படவில்லை.

1914-ல் யார்க்ஷயரில் டிரிக்லிங்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்து அரசுப் பள்ளியில் இதே புத்தகங்களையும் இதே திரும்பச் சொல்லும் முறையையும் கொண்டுபோனார்கள். பின்னணியில் இருந்தவர் அதே எமிலின் ஸ்டைந்தால். பிறகு குளோஸ்டர்ஷயர் கல்வி அதிகாரி ஹோரஸ் ஹவுஸ்ஹோல்ட் தன் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இதைப் பரப்பினார். புத்தகமே அதிகம் இல்லாத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளும் நல்ல நடையுள்ள நூல்களைக் கேட்டுத் திரும்பச் சொன்னார்கள் என்பது அங்கிருந்து வந்த செய்தி. சொன்னவர்கள் எல்லாம் மேசன் பக்கத்து ஆட்கள் என்பதையும் சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும். ஆனாலும் வசதியான வீட்டுக்கு மட்டுமே ஆகும் என்ற வாதம் அதோடு கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவரும் என்றும் சொல்லமாட்டேன். வாய் திறக்கவே தயங்கும் பிள்ளைக்கு, புத்தகத்தை மூடி “சொல்லு” என்பது குறுக்கு விசாரணை மாதிரி இருக்கும். அவர்களுக்கு வரைந்து காட்டுவதோ பொம்மையை வைத்து நடித்துக் காட்டுவதோ சரி. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதே வேதனையாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு ஏழு மாற்றம் என்பது ஏழு சண்டை. பாடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, நாளுக்கு நாள் மாற்றிப் போட்டுக்கொள்வது நல்லது.

நம் வீட்டு மேசையில்

தமிழ் எழுத்துக்கு இதைக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். 247 எழுத்து என்றதும் மலைத்துப்போய், உயிர்மெய் வரிசையைத் தினம் ஒரு பக்கம் என்று எழுதவைப்பது வழக்கம். க, கா, கி, கீ என்று இறங்கும்போது பிள்ளையின் கை துணைக்காலை (ா) முதலில் மேலிருந்து கீழாக ஒரு பத்தியாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் ‘க’ மட்டும் வரிசையாகப் போடும். வேலை சுலபமாக முடிந்துவிடும், எழுத்து தலையில் ஏறாது. இதைப் பத்து நிமிடப் பாடமாக்கினால், அன்றைக்கு ‘கி’யும் ‘மி’யும் போதும். மேல் கொக்கி சரியாக வளைந்த ‘கி’ மூன்று, ‘மி’ மூன்று. எது நன்றாக வந்தது என்று பிள்ளையே வட்டம் போடட்டும். “அம்மா, இது மூணும் நல்லா வந்திருக்கு, போதுமா?” என்று கேட்டால், “போதும் கண்ணு, மூடி வை” என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே விட்டுவிட வேண்டும். அந்த வாக்கு ஒருமுறை தவறினால் அடுத்த நாள் பென்சில் சீவல் ஆரம்பம்.

கணக்கில் பத்து நிமிடம் என்றால் புளியங்கொட்டையை வைத்து ஏழு என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று பார்ப்பதோடு முடியும். கதைக்கு ஒரு பஞ்சதந்திரக் கதையின் பாதி போதும். மீதி நாளைக்கு என்றால் கத்தும், கத்தட்டும். நாளைக் காலை பாடத்துக்குத் தானாக வந்து உட்காரும்.

அடுத்த வாரத்துத் தாளை ஞாயிற்றுக்கிழமை இரவே எழுதிவைத்து, அந்தந்தப் புத்தகத்தில் ஒரு துண்டுக் காகிதம் சொருகி, எல்லாவற்றையும் ஒரே கூடையில் வரிசையாக அடுக்கிவைத்தால் ஆம்பிள்சைடு தபால்காரர் வந்துபோன மாதிரிதான். இரண்டு பிள்ளை இருக்கும் வீட்டில் கதையும் பாட்டும் சேர்ந்தே கேட்கலாம், கணக்கும் எழுத்தும் தனித்தனியாக. பெரியது எழுதும் பத்து நிமிடத்தில் சின்னதுக்கு வாசிப்பு, பிறகு மாற்று.

எப்போது நீட்டுவது என்றும் கேட்பார்கள். தபால் பள்ளியில் 9 வயதுக்கு மேல் இரண்டாம் படிவம், பாடம் 12 மணி வரை நீண்டது, துண்டுகளும் அரை மணி நேரம் வரை வளர்ந்தன. வீட்டில் பிறந்தநாளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கடிகாரம் நேரம் முடிந்தது என்று சொன்ன பிறகும் பிள்ளை திரும்பச் சொல்லிக்கொண்டே போகிறது, நாலைந்து நாளாக அப்படித்தான் என்றால், அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் ஐந்து நிமிடம் கூட்டிப் பாருங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும்.